திருச்சி விமான நிலையத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு: தூரம், நேரம், அடிக்கடி வரும் கேள்விகள்

எங்கள் ஊர் கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில், திருச்சி–மதுரை நான்குவழிச் சாலையை ஒட்டி இருக்கிறது. வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று போயிருப்பதால் எந்த ஏர்போர்ட்டில் இறங்குவது, அங்கிருந்து எவ்வளவு நேரம் என்ற பேச்சு வருடம் முழுக்க ஓடும். அழைத்துவரப் போவதும் வழியனுப்பப் போவதும் பெரும்பாலும் நான்தான். ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, பதிலையும் எழுதி வைத்துவிட்டேன்.

திருச்சி ஏர்போர்ட்டுக்கும் மதுரை ஏர்போர்ட்டுக்கும் எத்தனை கிலோமீட்டர்ண்ணே?

இதற்கு இரண்டு பதில் உண்டு. காக்கை பறக்கிற மாதிரி நேர்கோட்டில் அளந்தால் சுமார் 123 கி.மீ. திருச்சியிலிருந்து தென்மேற்கு. சாலையில் போனால் 145 முதல் 150 கி.மீ. வரை, நீங்கள் ஊருக்கு வெளியே சுற்றிப் போகிறீர்களா உள்ளே புகுந்து போகிறீர்களா என்பதைப் பொறுத்து.

இரண்டு ஊருக்கும் இடையே 135 என்றுதானே சொல்வார்கள், இது எப்படிக் கூடியது என்று கேட்பீர்கள். அது ஊருக்கு ஊர் சொல்லும் கணக்கு. மதுரை விமான நிலையம் ஊரைத் தாண்டி தெற்கே, அவனியாபுரம், பெருங்குடிப் பக்கம் இருக்கிறது. திருச்சியிலிருந்து வருகிறவர் மதுரையைத் தொட்டதும் வந்துவிட்டோம் என்று பையைக் கையில் எடுப்பார். அதற்கப்புறமும் 17 கி.மீ. போல இருக்கிறது.

கார்ல எவ்வளவு நேரம்? ஒரே வார்த்தையில சொல்லுங்க மாமா.

இரண்டரை மணி நேரம்.

சாலை காலியாக இருக்கும் விடியற்காலையில் இரண்டேகாலில் போனதும் உண்டு. சாயங்காலம் ஒத்தக்கடையில் மாட்டிக்கொண்டு மூன்றேகால் ஆனதும் உண்டு. ஆனால் திட்டம் போடும்போது இரண்டரைக்குக் கீழே போகாதீர்கள். விமானத்தைப் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியா போறது? டிரைவர் புதுசு, வழி சொல்லணும்.

திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை சாலையில் இருக்கிறது. மதுரைச் சாலை வேறு பக்கம். முதல் வேலை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது. ஊருக்குள் டிவிஎஸ் டோல்கேட், மன்னார்புரம் என்று போய் எடமலைப்பட்டிபுதூர் வழியாக வெளியே வருவது பழைய வழி. புதுக்கோட்டை சாலையிலேயே தெற்கே மாத்தூர்ப் பக்கம் போய் அரைவட்டச் சாலையைப் பிடித்து பஞ்சப்பூரை ஒட்டி மதுரைச் சாலையில் சேர்வது புதிய வழி. கிலோமீட்டர் கொஞ்சம் கூடினாலும் சிக்னல் இல்லாததால் எனக்கு இதுதான் பிடிக்கும்.

அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலை 38, முன்பு 45பி என்று சொன்னோமே அதேதான். விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர் என்று வரிசையாக வரும். வழியில் பூதகுடியிலும் சிட்டம்பட்டியிலும் சுங்கச்சாவடி. ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். பூதகுடியில் நின்று ரீசார்ஜ் பண்ணிக்கொண்டிருந்த ஒரு டிரைவரோடு இருபது நிமிடம் போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மேலூர் தாண்டி வலது கைப்பக்கம் யானைமலை படுத்திருப்பது தெரிந்தால் மதுரை வந்துவிட்டது. அந்த மலை தெரிகிற இடத்திலிருந்தே டிரைவரிடம் சொல்லத் தொடங்குங்கள்: மாட்டுத்தாவணிக்குள் போகாதே, உத்தங்குடியில் இடதுபுறம் ரிங் ரோட்டைப் பிடி. ரிங் ரோட்டில் விரகனூர் தாண்டி மண்டேலா நகர் சந்திப்பு, அங்கிருந்து விமான நிலையம் பக்கம். ஊருக்குள் போனால் கோரிப்பாளையம், பெரியார், அவனியாபுரம் என்று ஒவ்வொரு சிக்னலையும் எண்ணிக்கொண்டு போகவேண்டியதுதான்.

மேப்புல நத்தம் வழி காட்டுதே, அதுல வரலாமா?

துவரங்குறிச்சியில் பிரிந்து நத்தம் வழியாக மதுரைக்கு ஒரு நல்ல நான்குவழிச் சாலை இருக்கிறது, தேசிய நெடுஞ்சாலை 785. தல்லாகுளம், புதூர்ப் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு அருமையான வழி. கடைசி ஏழு கி.மீ. 2023-இல் திறந்த நீளமான மேம்பாலத்திலேயே வந்து இறங்கலாம்.

ஆனால் உங்களுக்கு விமான நிலையம் போகவேண்டும். நத்தம் வழி உங்களை ஊரின் வடக்குப் பக்கம் கொண்டுவந்து இறக்கிவிடும். நிலையம் இருப்பதோ தெற்கே. முழு மதுரையையும் குறுக்கே கடக்கவேண்டி வரும். மேலூர் வழியிலேயே வாருங்கள்.

ரெண்டுக்கும் நடுவுல நேரடி ஃப்ளைட் இருக்கா?

இல்லை.

இல்லைன்னா ஒரு வெப்சைட்ல "விமானப் பயண நேரம் 39 நிமிடம்"னு எப்படிப் போட்டிருக்கான்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. அந்த 39 நிமிடத்தை நம்பி என் அத்தை மகன் ஒருவன் "காலையில் திருச்சியில் இறங்கி அடுத்த ஃப்ளைட்டில் மதுரை வந்துடுறேன்" என்று சிங்கப்பூரிலிருந்து சொன்னான்.

அந்தத் தளங்கள் விமான அட்டவணையைப் பார்த்து எழுதுவதில்லை. கணக்குப் போடுகின்றன. இரண்டு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து நேர்கோட்டு தூரம் கண்டுபிடிப்பார்கள்: 123 கி.மீ. ஒரு ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. போகும் என்று வைத்து வகுத்தால் ஒன்பது நிமிடம் வரும். ஏறவும் இறங்கவும் என்று பொதுவாக 30 நிமிடம் கூட்டுவார்கள். ஒன்பதும் முப்பதும் 39. அவ்வளவுதான் விஷயம். உலகத்தில் எந்த இரண்டு நிலையங்களின் பெயரைப் போட்டாலும் இதே மாதிரி ஒரு விடை வரும், நடுவில் விமானம் ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

சரி, உண்மையிலேயே ஒரு விமானம் விட்டால் எவ்வளவு ஆகும்? இந்தத் தூரத்துக்கு ஜெட் சரிப்படாது, விசிறி வைத்த ஏடிஆர் மாதிரி விமானம்தான் விடுவார்கள். அது மேலே போய்ச் சமநிலையில் மணிக்கு 500 கி.மீ. போல ஓடும். ஆனால் இங்கே ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கவேண்டும். ஓடுபாதைக்கு நகர்வது, வரிசையில் நிற்பது எல்லாம் சேர்த்தால் முக்கால் மணி நேரம் என்று அட்டவணையில் போடுவார்கள் என்பது என் கணிப்பு.

ஒரு இடத்துல 115னு இருக்கு, ஒரு இடத்துல 123, இன்னொன்னுல 66. எதைத்தான் நம்புறது?

மூன்றுமே சரிதான், அளந்தது வேறு வேறு. 115 என்பது திருச்சி ஊருக்கும் மதுரை ஊருக்கும் இடையே உள்ள நேர்கோடு. 123 என்பது ஓடுபாதைக்கு ஓடுபாதை. மதுரை நிலையம் தெற்கே தள்ளி இருப்பதால் எட்டு கி.மீ. கூடுகிறது, முதல் பதிலில் சொன்னேனே அதே காரணம். 66 என்பது கடல் மைல். விமானிகளும் கப்பல்காரர்களும் பயன்படுத்தும் அளவு. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. பெருக்கினால் 122, 123 வந்துவிடும்.

டிரைவரிடம் இந்த மூன்றையுமே சொல்லாதீர்கள். அவருக்கு 150தான் கணக்கு.

சென்னையிலேர்ந்து மதுரைக்கு வர்ற ஃப்ளைட்டு திருச்சி மேலதான் வருமா சித்தப்பா?

நல்ல கேள்வி. கேட்டது எட்டாவது படிக்கும் பிள்ளை. வரைபடத்தில் ஸ்கேல் வைத்துச் சென்னை விமான நிலையத்தையும் மதுரை விமான நிலையத்தையும் ஒரு கோட்டால் சேர்த்தால், அந்தக் கோடு திருச்சி விமான நிலையத்தின் தலைமேலேயே போகிறது. ஒரு கிலோமீட்டர்கூட விலகவில்லை. நானே கணக்குப் போட்டுப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். நிஜத்தில் விமானங்கள் கட்டுப்பாட்டு அறை சொல்கிற பாதையில் போகும், அதனால் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும். ஆனாலும் அந்தப் பக்கம்தான்.

சென்னை–திருச்சி நேர்கோட்டில் சுமார் 293 கி.மீ., சென்னை–மதுரை சுமார் 416. இந்த இரண்டு விமானங்களின் நேரத்தை டிக்கெட்டில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே மாதிரி விமானமாக இருந்தால் பத்து, பதினைந்து நிமிட வித்தியாசம்தான் இருக்கும். நாம் காரில் இரண்டரை மணி நேரம் உருட்டும் தூரம் மேலே அவ்வளவுதான் பெறும்.

பத்து நிமிஷ தூரம்னா ஏன் ஒரு விமானம் விடமாட்டேங்கிறாங்க?

அந்தப் பத்து நிமிடம், ஏற்கெனவே மேலே பறந்துகொண்டிருக்கும் விமானத்துக்கு. தரையிலிருந்து ஏறுகிற விமானத்துக்குச் செலவு முழுவதும் ஏறுவதிலும் இறங்குவதிலும்தான். எரிபொருள், தரையிறங்கும் கட்டணம், ஊழியர் எல்லாம் 123 கி.மீ.க்கும் வேண்டும், 400 கி.மீ.க்கும் வேண்டும். டிக்கெட் விலையை அந்த அளவுக்கு வைக்க முடியாது. பயணியின் கணக்கிலும் லாபமில்லை. ஒன்றரை மணி நேரம் முன்பே போகவேண்டும், முக்கால் மணி நேரம் பறக்கவேண்டும், இறங்கிப் பெட்டிக்காக நிற்கவேண்டும். அதற்குள் கார் மேலூர் தாண்டிவிடும்.

சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில்கூட, தொடக்கத்தில் 200 முதல் 800 கி.மீ. வரையுள்ள வழித்தடங்களைத்தான் எடுத்தார்கள். மலைப்பகுதி, தீவு போன்ற இடங்களுக்கு மட்டும் கீழ் வரம்பு இல்லை. நடுவில் நல்ல சாலை இருந்தால் விமானம் தேவையில்லை என்பதுதான் அதன் பொருள். இதையே திருப்பிப் பார்க்க ஒரு உதாரணம் திருச்சியிலேயே இருக்கிறது. 2025 மார்ச் 30 அன்று திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இண்டிகோ ஏடிஆர் விமானம் தொடங்கியது. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு நேர்கோட்டில் 184 கி.மீ. போலத்தான், பயண நேரம் சுமார் ஒரு மணி. தூரம் குறைவுதான், ஆனால் நடுவில் கடல் கிடக்கிறது. நமக்கு நடுவில் கிடப்பது நான்குவழிச் சாலை.

டிக்கெட் போடற ஆப்புல திருச்சி டு மதுரைன்னு அடிச்சா விலையோட வருதே?

வரும். சென்னை வழியாகவோ பெங்களூரு, ஹைதராபாத் வழியாகவோ சுற்றிக் காட்டும். அதாவது மதுரைக்குப் போக முதலில் நேர் எதிர்ப்பக்கம் 293 கி.மீ. பறந்து, அங்கே காத்திருந்து, 416 கி.மீ. திரும்பப் பறப்பது. போன கேள்விக்கு முந்தைய பதிலில் சொன்ன அந்தக் கோட்டின்படி பார்த்தால், கிளம்பிய இடத்துக்கு மேலேயே மறுபடி வந்து தாண்டிப் போவீர்கள். எல்லாம் சேர்த்து ஐந்து, ஆறு மணி நேரத்துக்குக் குறையாது.

இப்படி ஒருவர் போட்டே விட்டார். அலுவலகம் பணம் தருகிறதாம். அவரோடு எனக்கென்ன வாதம்.

டிக்கெட்ல ஐஎக்ஸ்எம்னு போட்டிருக்கு. அது மதுரைதானா?

மதுரைதான். டிஆர்இசட் என்றால் திருச்சி. ஐஎக்ஸ்இ என்று இருந்தால் மங்களூரு, அதைக் கவனியுங்கள். கடைசி எழுத்தை மட்டும் சரிபார்த்தால் போதும்.

திருச்சிக்கு வழியனுப்ப வருபவர்களுக்கு இன்னொன்று. 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்த புது முனையத்தில் அந்த ஆண்டு ஜூன் 11 முதல்தான் விமானங்கள் இயங்கின. அதற்கு முன்பு போய்ப் பழகியவர்கள் பழைய கட்டடத்து வாசலையே தேடுகிறார்கள். டிரைவரிடம் "புது டெர்மினல்" என்று சொல்லுங்கள்.

கார் வேண்டாம், பஸ்ல வரமுடியுமா?

முடியும். ஆனால் பழைய பழக்கத்தில் மத்தியப் பேருந்து நிலையம் போய் நிற்காதீர்கள். 2025 மே மாதம் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையத்தைத் திறந்து, ஜூலையிலிருந்து வெளியூர்ப் பேருந்துகளை அங்கே மாற்றிவிட்டார்கள். மதுரை வண்டி பிடிக்க அங்கேதான் போகவேண்டும். நமக்கு ஒருவிதத்தில் நல்லது, அது மதுரைச் சாலையிலேயே இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு போக ஆட்டோ, டாக்ஸிதான் வசதி.

மதுரை வண்டி இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும். மாட்டுத்தாவணிக்கு இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம். அங்கிருந்து விமான நிலையத்துக்கு மறுபடி ஆட்டோ, டாக்ஸி. நிலையத்துக்கு நிலையம் என்று பார்த்தால் நாலரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு கைப்பையோடு வருபவருக்குப் பரவாயில்லை. முப்பது கிலோ பெட்டி இரண்டோடு வருகிறவர் மூன்று வண்டி மாறுவது சிரமம்.

ரயில் வேகமா போகுமே?

ரயில் வேகம்தான், வழிதான் சுற்று. தண்டவாளம் மேலூர் பக்கம் வருவதில்லை, மேலூருக்கு ரயில் பாதையே கிடையாது. மணப்பாறை, திண்டுக்கல் வழியாகப் போகும். 155 கி.மீ.க்குக் குறையாது. வந்தே பாரத் இரண்டு மணி நேரத்தை ஒட்டிப் போய்விடும், வைகை எக்ஸ்பிரஸ் அதைவிடக் கொஞ்சம் கூட எடுக்கும்.

திருச்சி ஜங்ஷன் விமான நிலையத்திலிருந்து ஐந்தாறு கி.மீ.தான். மதுரை ஜங்ஷனிலிருந்து மதுரை நிலையம் பன்னிரண்டு கி.மீ. போல. நேரம் சரியாக அமைந்தால் பஸ்ஸைவிட ரயில் நல்லது, வயதானவர்களுக்கு நிச்சயம் நல்லது. அமைவதுதான் கஷ்டம். நீங்கள் இறங்கும் நேரத்துக்கு ரயில் இருக்கவேண்டும், அதில் இடமும் இருக்கவேண்டும்.

டாக்ஸிக்காரர் 150 கிலோமீட்டருக்கு 300 கிலோமீட்டர் காசு கேட்கிறார். ஏமாத்துறாரா?

ஏமாற்றவில்லை, அவர் காலியாகத் திரும்பவேண்டும் அல்லவா? சாதாரண வாடகை வண்டியில் போக வர இரண்டுக்கும் வாங்குவார்கள், டிரைவர் பேட்டாவும் உண்டு. அது வேண்டாம் என்றால் "ஒன்வே டிராப்" என்று கேட்டு எடுங்கள். அதில் ஒரு வழிக்கு மட்டும்தான், ஆனால் கிலோமீட்டர் கட்டணம் கூடுதலாக இருக்கும். பல நிறுவனங்கள் குறைந்தபட்சம் 130 கி.மீ.க்குக் காசு வாங்கும். நமது தூரம் அதைத் தாண்டிவிடுவதால் அந்த விதி நம்மைப் பாதிக்காது.

ஏறும் முன் மூன்றைக் கேட்டுவிடுங்கள்: சுங்கம் இதில் சேர்ந்ததா, பேட்டா சேர்ந்ததா, விமானம் தாமதமானால் காத்திருப்புக்கு எவ்வளவு. மூன்றாவதைக் கேட்காமல் விட்டுத்தான் பெரும்பாலான சண்டை வாசலிலேயே நடக்கிறது.

நான் காரைக்குடி. எனக்கு எது பக்கம்?

திருச்சி. பலர் நம்பமாட்டார்கள், ஏனென்றால் காரைக்குடியிலிருந்து மதுரை ஊரும் திருச்சி ஊரும் கிட்டத்தட்ட ஒரே தூரம். ஆனால் நிலையங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். புதுக்கோட்டை வழியாக வந்தால் திருச்சி ஊருக்குள் நுழையும் முன்பே விமான நிலையம் வந்துவிடும். மதுரைக்கு வந்தால் ஊரைச் சுற்றிக்கொண்டு தெற்கே போகவேண்டும். பத்துப் பதினைந்து கி.மீ. வித்தியாசம் வந்துவிடுகிறது. 

புதுக்கோட்டை, மணப்பாறை என்றால் யோசிக்கவே வேண்டாம், திருச்சி. சிவகங்கை, அருப்புக்கோட்டை, ராமநாதபுரம், திண்டுக்கல் என்றால் மதுரை. நத்தமும் மதுரைதான். இதெல்லாம் தூரத்தை மட்டும் வைத்து. டிக்கெட் விலை, விமான நேரம் வேறு விஷயம், அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

சிங்கப்பூர்ல ராத்திரி 7 மணிக்கு ஏறி 8.40-க்கு திருச்சியில இறங்குதுன்னு போட்டிருக்கு. ஒன்றே முக்கால் மணி நேரம்தானா?

இல்லை, நாலு மணி நேரத்துக்கு மேல். டிக்கெட்டில் ஏறும் நேரம் அந்த ஊர்க் கடிகாரம், இறங்கும் நேரம் நம் ஊர்க் கடிகாரம். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. வண்டி ஏற்பாடு செய்யும்போது இறங்கும் நேரத்தை மட்டும் அனுப்புங்கள். ஏறும் நேரத்தை அனுப்பினால் யாராவது ஒருவர் கூட்டிக் கழித்துத் தப்பாக்கிவிடுவார்கள். துபாய்க்காரர்களுக்கு நேர்மாறு. அவர்கள் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால்.

ராத்திரி பத்தரைக்கு திருச்சியில இறங்குறேன். காலையில ஆறு மணி முகூர்த்தம் மதுரையில. வந்துடலாமா அண்ணே?

வந்துவிடலாம். பத்தரை என்பது சக்கரம் தரையைத் தொடும் நேரம். குடிநுழைவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வரப் பன்னிரண்டு ஆகும் என்று வையுங்கள். நள்ளிரவில் சாலை காலி, மதுரைக்குள் இரண்டரைக்கு நுழையலாம். இரண்டு மணி நேரம் தூங்கிக் குளித்து முகூர்த்தத்துக்குப் போகலாம். விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானாலும் தாலி கட்டுவதைப் பார்த்துவிடுவீர்கள், முடி மட்டும் கலைந்திருக்கும்.

எனக்குப் பயம் டிரைவரைப் பற்றித்தான். பகல் முழுக்க ஓட்டிவிட்டு ராத்திரியும் வருகிறவரா என்று விசாரியுங்கள். துவரங்குறிச்சிப் பக்கம் டீக்கடையில் கால் மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றாலும் நீங்கள் டீ வேண்டும் என்று சொல்லுங்கள்.

திருச்சியில இறங்கி அதே நாள் மதுரையிலேர்ந்து வேற ஃப்ளைட் பிடிக்கணும். எத்தனை மணி நேர இடைவெளி வேணும்?

எட்டு மணி நேரம். பின்னாலிருந்து எண்ணுங்கள். உள்நாட்டு விமானம் என்றால் பெட்டி போடும் கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். வரிசைக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் முன்பு அங்கே நிற்கவேண்டும். சாலைக்கு மூன்று, மேலே இரண்டாவது கேள்வியில் சொன்னபடி. திருச்சியில் இறங்கி வெளியே வர ஒன்றரை. ஆறரை ஆகிவிட்டது. மீதி ஒன்றரை, முதல் விமானம் தாமதமானால் என்பதற்காக.

ஐந்து மணி நேரம் போதும் என்று எடுத்த ஒருவரை நான் அழைத்துக்கொண்டு போனேன். முதல் விமானம் ஒரு மணி நேரம் தாமதம். மண்டேலா நகர் சந்திப்பில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது கவுண்டர் மூடிவிட்டதாகத் தகவல் வந்தது. இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால் முதல் நிறுவனம் அதற்குப் பொறுப்பில்லை, இரண்டாவது நிறுவனத்தின் பார்வையில் வராதது நீங்கள். பெட்டியும் தானாகப் போய்ச் சேராது, நீங்களே எடுத்து நீங்களே போடவேண்டும். சேர்த்தே ஒரே டிக்கெட்டாகச் சென்னை வழியாக எடுக்க முடிந்தால் அதை எடுங்கள்.

மதுரைக்குப் போட்ட ஃப்ளைட்டைத் திருச்சியில இறக்கிட்டாங்க. இறங்கி கார்ல வந்துடவா?

மழைக்காலத்தில் இது நடக்கும். மேகம் தாழ்ந்தோ காற்று மாறியோ மதுரையில் இறங்க முடியாவிட்டால் பக்கத்தில் வசதிப்படும் நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்கள், அது பல தடவை திருச்சியாக இருக்கும். உடனே எழுந்து பையை எடுக்காதீர்கள். பெரும்பாலும் உங்களை விமானத்துக்குள்ளேயே உட்காரவைத்து, எரிபொருள் நிரப்பி, வானிலை தெளிந்ததும் மறுபடி மதுரைக்கே கொண்டுபோவார்கள். நினைத்த மாத்திரத்தில் கதவு திறக்காது. பயணத்தை அங்கேயே முடிக்கிறார்களா, பேருந்து ஏற்பாடு செய்கிறார்களா என்பதை ஊழியர் அறிவித்த பிறகு முடிவெடுங்கள். இறங்கினால் சரக்கறையில் இருக்கும் பெட்டி என்னாகும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நவம்பர் ராத்திரி சித்தப்பா மகனுக்கு இப்படி ஆனது. நான் அவனை அழைக்க மதுரைக்குக் கிளம்பி மேலூரைத் தாண்டியபோது, திருச்சியில் இறக்கிவிட்டார்கள் என்று போன் செய்தான். சரியென்று வண்டியைத் திருப்பி விராலிமலை வரை போனேன். விமானம் மறுபடி மதுரைக்கே கிளம்புகிறது என்று அடுத்த போன். அன்றைக்கு அவனுக்கு முன்னால் நான்தான் இரண்டு ஊரையும் பார்த்தேன்.

எந்த நாள்ல இந்தப் பயணத்தை வெச்சுக்கக்கூடாது?

தைப்பொங்கல் அன்று அவனியாபுரம் ஜல்லிக்கட்டு. மதுரை ஊருக்குள்ளிருந்து விமான நிலையம் போகும் சாலையே அவனியாபுரம் வழிதான். அன்றைக்கு அந்தப் பக்கம் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். திருச்சியிலிருந்து வருபவர் ரிங் ரோட்டிலேயே வந்தால் தப்பிக்கலாம், ஊருக்குள் தங்கியிருப்பவர்தான் முன்கூட்டியே கிளம்பவேண்டும்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளும் அதற்கு முந்தைய நாளும் மதுரைக்குள் வண்டி நுழையும் ஆசையே வேண்டாம். அப்புறம் தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய ராத்திரி. சென்னை வண்டிகள் மொத்தமும் இந்தச் சாலையில்தான் தெற்கே இறங்கும். சுங்கச்சாவடியில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவுல இருக்கீங்களே, நீங்க எந்த ஏர்போர்ட்டுக்குப் போவீங்க?

கொட்டாம்பட்டியிலிருந்து மதுரை நிலையம் சுமார் 65 கி.மீ., திருச்சி நிலையம் 80-க்கு மேல். தூரத்தைப் பார்த்தால் மதுரைதான். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள், அந்த ஊர்களுக்குத் திருச்சியிலிருந்துதான் விமானம் அதிகம். அதிகம் இருக்கும் இடத்தில் விலையும் நேரமும் நமக்குத் தோதாகக் கிடைக்கும். கூடுதலாக இருபது கி.மீ. ஓட்டுவது பெரிதாகத் தெரிவதில்லை.

சென்னை, பெங்களூரு என்றால் மதுரைக்குப் போகிறேன். கொழும்புக்கு இரண்டு பக்கமும் விமானம் உண்டு, அன்றைய விலையைப் பார்த்து முடிவு. என் மனைவியைக் கேட்டால் எப்போதும் திருச்சி என்பாள். திரும்பி வரும்போது விராலிமலையில் முருகனைப் பார்த்துவிட்டு வரலாமாம்.